பித்தநீரும் நான்கு துண்டு வெள்ளைத் துணியும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பொடியிலிருந்து வந்தது. ஆரஞ்சு வாசம் அடிக்கும், தண்ணீரில் முழுசாகக் கரையாமல் டம்ளருக்கு அடியில் மணலாக நிற்கும் ஒரு மருந்துப் பொடி.

போன ஆவணியில், அதாவது இந்த 2009ஆம் வருடத்து ஆவணியில், என் மனைவி சித்ரகலாவுக்குப் பித்தப்பையில் கல் என்று கோயமுத்தூரில் அறுவைச் சிகிச்சை செய்து பையையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் அவளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு தடவை, எட்டுத் தடவை. பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு டாக்டரிடம் போனோம். அவர் இந்தப் பொடியை எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் காலையில் மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "ஏனுங்க, நின்னு போச்சுங்க" என்று சிரித்தாள்.

நான் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். எனக்கு ஓடிய நினைப்பு ஒன்றே ஒன்றுதான்: நான்கு நாள்தானா?

ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் கம்பெனியில் நாகஜோதி என்று ஓர் ஓவர்லாக் டெய்லர் இருந்தாள். இதே வயிறுதான் அவளுக்கும். அந்த வயிற்றை மறைப்பதற்காகத் திருடி என்ற பெயரை வாங்கிக்கொண்டு வேலையையும் இழந்தாள். அந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததில் எனக்குப் பங்கு உண்டு.

நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இடையிடையே கதையும் எழுதுவேன். சின்னப் பத்திரிகைகளில் ஆறு கதை வந்திருக்கிறது. ஆறிலும் தப்பு செய்தவர்கள் வேறு யாரோ. இந்தக் கதையில் என் பெயர் சரவணக்குமார். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், வெட்கத்தில் கை ஓடவில்லை. அதனால் 'அவன்' என்று எழுதப் போகிறேன். இதை ஒரு இலக்கிய உத்தி என்று யாராவது பாராட்டிவிடாதீர்கள். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வருகிறவனின் ஏற்பாடு, அவ்வளவுதான்.

2

தொடக்கங்கள்.

"2004ஆம் ஆண்டுக் கோடையில் திருப்பூரின் வானம் சாயத்தண்ணீர் நிறத்தில்..." [வானத்தைப் பார்க்க அன்றைக்கு யாருக்கு நேரம் இருந்தது? அடித்துவிட்டேன்.]

"நாகஜோதி சிவப்பாக, லட்சணமாக..." [இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவள் எப்படி இருந்தால் எனக்கென்ன? வாசகருக்கென்ன? அடித்துவிட்டேன்.]

"முப்பத்திரண்டு மெஷினுக்கு இரண்டு டோக்கன் இருந்தன."

இது சரி. இதிலிருந்து போகலாம்.

முப்பத்திரண்டு மெஷினுக்கு இரண்டு டோக்கன் இருந்தன. சிவப்புப் பிளாஸ்டிக்கில் வட்டமாக, நடுவில் துளை போட்டது. சரவணக்குமாரின் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவர்கள் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். டோக்கன் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள் எழுந்திருக்கலாம். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் சரவணக்குமார் ஒரு டோக்கனைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவான். அப்படிச் செய்யும்படி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொந்த யோசனை. அந்த வருடம் அவன் லைனின் புரொடக்‌ஷன் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவனுக்குப் பெருமைகூட இருந்தது.

3

நாகஜோதி சாத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் முத்துப்பேச்சியோடு ஒற்றை அறையில் இருந்தாள். பதினேழாம் நம்பர் மெஷின். வாய் ஓயாது. மேனேஜர் நடப்பதுபோல நடந்து காட்டுவாள், செக்கிங் பெண்களுக்குப் பட்டப்பெயர் வைப்பாள். சரவணக்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது லைனே கேட்கும்படி, "சரவணண்ணே, பத்திரிகையோட ஆளுக்கொரு டோக்கனும் சேத்து வச்சிருங்க" என்றவள் அவள்தான். அவனும் சிரித்தான்.

[முதல் பிரதியில் அவளை அமைதியானவளாக, தலை நிமிராதவளாக எழுதியிருந்தேன். கஷ்டப்படுகிறவள் அமைதியாக இருந்தால் எழுதுகிறவனுக்கு வேலை குறைவு. அவள் அப்படி இல்லை.]

மாசியில் ஊருக்குப் போனவள் பித்தப்பையை ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டுச் சித்திரையில் திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து டோக்கன் அவள் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. காலையில் மட்டும் மூன்று தடவை. மற்ற பெண்கள் முனக ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அவள் நான்காவது தடவையாக ஆணிக்குக் கை நீட்டியபோது சரவணக்குமார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஏனம்மிணி, டோக்கன உங்க மெஷின்லயே கட்டித் தொங்கவுட்றட்டுங்களா?" என்றான்.

லைன் சிரித்தது. நாகஜோதியும் சேர்ந்து சிரித்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் காலையில் டோக்கன் கேட்கவில்லை. மதியம் சாப்பிடவும் போகவில்லை. தூக்குவாளி அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், துணி ரோல் அடுக்கியிருக்கும் இடத்துக்கு அவனைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ஒரு விசயம். யார்ட்டயும் சொல்லிராதீக."

"சொல்லுங்க அம்மிணி."

"ஆப்பரேசன் பண்ணுனதுலருந்து வயிறு நிக்க மாட்டேங்கு. பகல்பூராம் பட்டினிதான் கெடக்கேன். அப்பவும் வருது. மஞ்சத் தண்ணியா எரிஞ்சுக்கிட்டு வருது. வேன்ல முக்கா மணி நேரம் போகணும்லா, உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கேன்." அவள் அவனைப் பார்க்காமல் துணி ரோலைப் பார்த்துப் பேசினாள். "கட்டிங் வேஸ்டுல நாலு துண்டு எடுத்துக்கிடட்டுமாண்ணே? அந்த வெள்ளை இன்டர்லாக்குத் துணி மெத்துன்னு இருக்கு. மடிச்சு உள்ள வச்சுக்கிட்டா ஒரு தைரியம்."

"எடுத்துக்குங்க அம்மிணி. குப்பைக்குப் போறதுதானுங்க. இதுக்கெல்லாம் எங்கிட்டக் கேட்டுக்கிட்டு..."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் ஒன்று அவனுக்குத் தெரியும். கம்பெனியிலிருந்து ஒரு நூல்கண்டு வெளியே போனாலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட கேட் பாஸ் வேண்டும். பாஸில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாலு துண்டு வேஸ்டுக்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். இரண்டு மாதம் யாரும் கேட்கவில்லை.

4

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள். இது தெரியாவிட்டால் நாகஜோதி ஏதோ சுத்தபத்தம் இல்லாதவள் என்று நீங்களும் நினைத்துவிடலாம்.

கோயமுத்தூர் டாக்டர் ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் படம் வரைந்தார். கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தநீரில் பித்த அமிலங்கள் இருக்கின்றன.* பித்தப்பை அதைச் சேர்த்து வைத்திருந்து, நாம் சாப்பிடும்போது குடலுக்குள் விடுகிறது. எண்ணெயும் கொழுப்பும் செரிக்க அது வேண்டும். வேலை முடிந்ததும் அது வீணாகப் போவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. மிச்சம் கொஞ்சம்தான் பெருங்குடலுக்குப் போகும்.

பித்தப்பையை எடுத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் வருவதில்லை. சிலருக்கு மட்டும் கணக்கு தப்புகிறது. சேர்த்து வைக்கப் பை இல்லாததால் பித்தநீர் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உறிஞ்ச முடியாத அளவுக்குப் பெருங்குடலில் போய்ச் சேர்கிறது. அங்கே அது தண்ணீரை இழுக்கிறது. ஆளை ஓட வைக்கிறது.

"குடலோட உள்சுவர் ஒரே ஒரு வரிசைச் செல்லுதானுங்க" என்றார் டாக்டர். "பக்கத்துப் பக்கத்துச் செல்லு ஒண்ணையொண்ணு இறுக்கிப் புடிச்சிட்டிருக்கும். உள்ள இருக்கிற கிருமியும் கழிவும் உடம்புக்குள்ள போகாம அதுதான் காவல். பித்த அமிலம் அளவுக்கு மேல தொடர்ந்து பட்டுட்டே இருந்தா அந்தப் புடி தளர்ந்துபோகுமுங்க."

ஓவர்லாக் தையலைப் பார்த்துப் பழகியவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது. துணியின் ஓரம் பிரியாமல் பிடித்து வைப்பதுதான் அந்தத் தையல். ஒரு நூல் தளர்ந்தால் போட்டு நாலு நாளில் ஓரம் பிரிந்து தொங்கும்.

அப்படியானால் பித்தம் கெட்டது என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டி மறுத்தார். பித்தநீர் குடலுக்கே வராமல் அடைத்துக்கொண்டாலும் ஆபத்துதானாம். சரியான அளவில் இருக்கும்போது அதுதான் கிருமிகளைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. சுவர்ச் செல்களை இறுக்கமாக இருக்கச் சொல்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது வராவிட்டால் சுவர் பலவீனப்பட்டு, கிருமி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். இதையெல்லாம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், தானே சமீபத்தில்தான் சிலதைப் படித்ததாகவும் சொன்னார். அந்தப் பொடி செய்கிற வேலை ரொம்பச் சின்னது. குடலுக்குள் திரியும் பித்த அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

புதிய மருந்தா என்று கேட்டேன். "இல்லீங்க, ரொம்ப வருசமா இருக்குது" என்றார்.

நாகஜோதி பட்டினி கிடந்தால் நிற்கும் என்று நினைத்தாள். பகல் முழுக்கக் காலி வயிறாக இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரே வேளையாகச் சாப்பிட்டாள். பித்தநீர் அவள் பட்டினியைச் சட்டை செய்யவில்லை.

* பித்த அமிலங்களின் பெயர்களை இங்கே எழுதி வைத்திருந்தேன். ஐந்து பெயர். திரும்பப் படித்தபோது, கம்பெனி கேட்டில் நடந்ததைச் சொல்வதைத் தள்ளிப்போடத்தான் எழுதியிருக்கிறேன் என்று தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

5

ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்தரை மணி.

அந்த வாரம் பேக்கிங்கில் ஒரு பெட்டி குழந்தைச் சட்டை காணாமல் போயிருந்தது. அதனால் மேனேஜர் நஞ்சப்பன் தானே கேட்டில் வந்து நின்றார். பெண்களைச் சோதிக்கத் துணித் தடுப்புப் போட்ட ஒரு மறைவு உண்டு. அதில் சின்னத்தாய் என்ற செக்யூரிட்டி அம்மாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்து அனுப்பினாள். வழக்கமாகத் தோளைத் தட்டி அனுப்பிவிடுவாள். மேனேஜர் வெளியே நிற்கிறார் என்பதால் அன்றைக்கு நன்றாகவே தடவிப் பார்த்தாள்.

நாகஜோதி உள்ளே போனாள். சின்னத்தாய் வெளியே வந்தாள். அவள் கையில் நான்கு துண்டு வெள்ளைத் துணி, நான்காக மடித்தது.

"சார், இடுப்புல சொருகியிருந்தாக."

வேன்களுக்குப் போகிற கூட்டம் நின்றது. பேக்கிங் பையன்கள், டிரைவர்கள், இரண்டு லைன்களின் பெண்கள். யாரோ 'இடுப்புலயா' என்று மெதுவாகச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள்.

நஞ்சப்பன் குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் உயர்த்துவதில்லை. "ஏனம்மிணி, இதென்னங்க? பாஸ் வாங்கியிருக்கறீங்களா? யாராச்சுங் குடுத்தாங்களா?"

நாகஜோதி சரவணக்குமாரைப் பார்த்தாள். அவன் இருபதடி தள்ளி, ஸ்கூட்டரில் சாவியைப் போட்டபடி நின்றிருந்தான். அவள் பார்த்த திசையில் நஞ்சப்பனும் பார்த்தார்.

"சரவணக்குமாரு, உங்க லைன்தானுங்களே? உங்களுக்கு ஏதாச்சுந் தெரியுங்களா?"

"தெரியலீங்கண்ணா" என்றான் அவன்.

நாகஜோதி அவனிடமிருந்து கண்ணை எடுத்தாள். எதற்கு எடுத்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அவள் வயிறு அத்தனை பேர் நடுவிலும் அவிழ்ந்து விழும். அந்தக் கேள்வி வருவதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"திருடிட்டேன் சார்" என்றாள்.

6

இவ்வளவையும் எழுதிச் சித்ரகலாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கத்தரிக்காய் அரிவதை நிறுத்திவிட்டு முழுதும் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, என்ர வயித்துச் சமாச்சாரத்த எழுதீட்டீங்க. அவிய வயித்துச் சமாச்சாரத்தையும் எழுதீட்டீங்க. உங்க சமாச்சாரம் எங்கீங்க?"

"அதான் 'தெரியலீங்கண்ணா'ன்னு எழுதியிருக்கறனே."

"ஏன் தெரியலீன்னு சொன்னீங்க?"

நான் சொன்னேன். அந்த இடத்தில் நாகஜோதியின் வியாதியைப் பற்றி நான் வாயே திறக்க வேண்டியதில்லை. 'அந்தத் துணிய நாந்தான் எடுத்துக்கச் சொன்னனுங்க' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் ரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும், பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து எடுத்த துணியைச் சூப்பர்வைசர் கொடுத்தான் என்றால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். மறுநாள் கதை கட்டிவிடுவார்கள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பேச்சு பெண் வீட்டுக்குப் போய்விட்டால்...

"நிறுத்துங்க" என்றாள் சித்ரகலா. "என்னய எதுக்குங்க சாக்குச் சொல்றீங்க? நான் உங்களக் கேட்டனா, அந்தப் புள்ளையத் திருடியாக்கிப்போட்டு வந்து என்னயக் கட்டுங்கன்னு?"

கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவளிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்ததால் அது இரட்டிப்பாக இருந்தது. முன்பு எழுதிய மூன்று பிரதியிலும் அதை விட்டிருந்தேன்.

7

விட்டது இதுதான்.

மறுநாள் காலையில் நஞ்சப்பன் சரவணக்குமாரைக் கூப்பிட்டு நோட்டீஸ் எழுதச் சொன்னார். கம்பெனியில் தமிழ் நன்றாக எழுதுகிறவன் என்று பெயரெடுத்தவன் அவன். ஆயுதபூஜைக்கு வாழ்த்து எழுதுவது, பாதுகாப்பு வாரத்துக்கு வாசகம் எழுதுவது எல்லாம் அவன் கை. ஒரு வெள்ளைத் தாளில் நாகஜோதியின் அடையாள அட்டைப் படத்தை ஒட்டி, கீழே எழுதினான்: "கம்பெனிப் பொருளைத் திருடியதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்."

முதலில் 'திருடியதற்காக' என்று எழுதினான். 'திருடியதால்' என்பது நன்றாக இருக்கிறது என்று தோன்றி வேறு தாளில் மாற்றி எழுதினான். ஆமாம், நன்றாக இருக்கிறதா என்று யோசித்தேன். ஒரு மாதம் அது கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வேனில் போய் வருகிற அவள் தெருக்காரர்கள் அத்தனை பேரும் படித்தார்கள்.

நாகஜோதியைப் பற்றி நான் எழுதிய முதல் படைப்பு அது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது இரண்டாவது.

8

நாகஜோதியின் விலாசம் சின்னத்தாயிடம் கிடைத்தது. "இப்பப் போயி எதுக்கு சார்?" என்று அவள் கேட்டாள். சரவணக்குமார் விலாசத்தை வாங்கிக்கொண்டான். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினான்.

ஊத்துக்குளி ரோட்டில் பத்து வீடு கொண்ட லைன் வீடு. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ். அதையொட்டிய வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள். நாகஜோதி அந்த வீட்டையே கேட்டு வாங்கியிருந்தாள். காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகிற பனியன்களை வீட்டுக்கே வாங்கி வந்து பிசிர் வெட்டிக் கொடுப்பதுதான் இப்போது அவள் வேலை.

கதவைத் திறந்தது மகள் முத்துப்பேச்சி. பத்தொன்பது வயது இருக்கும். திருப்பூரிலேயே வளர்ந்த பேச்சு.

"யாருங்க வேணும்?"

அவன் கம்பெனியின் பெயரைச் சொன்னான்.

"எங்கம்மா திருடுன கம்பெனிங்களா?" என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. விலாசத்தைச் சரிபார்க்கிற குரலில் கேட்டாள்.

[இந்த இடத்தில் நான் எழுதி வைத்திருந்த வர்ணனைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அவள் கேட்டது போதும்.]

"யாருட்டீ அது?" என்று உள்ளிருந்து நாகஜோதி எழுந்து வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு, "வாங்கண்ணே, உள்ள வாங்க. பேச்சி, கடையில போயி அரை லிட்டர் பாலு வாங்கிட்டு வா" என்றாள்.

மகள் போனதும் அவன் அவசர அவசரமாகச் சொன்னான். வீட்டுக்காரியின் ஆப்பரேஷன், வயிறு, பொடி, நான்கு நாள், டாக்டர் பெயர் எழுதிய சீட்டு. பித்தநீர் எங்கே போகிறது, குடல் சுவர் ஏன் எரிகிறது என்று தனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள்.

"அப்பம் இது வியாதியாண்ணே?"

"ஆமாங்க அம்மிணி. மருந்துக்குக் கேக்குமுங்க. ஆனா டாக்டர் பாத்துச் சொல்லோணும்."

"நான் என் வயித்துக்குத்தான் வெக்கமில்லன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அஞ்சு வருசமா ஒரு கல்யாண வீட்டுல உக்காந்து சாப்ட்டதில்ல."

"பேச்சிக்குத் தெரியுங்களா?"

"வயிறு சரியில்லன்னு தெரியும். துணி எதுக்கு எடுத்தேன்னு சொல்லல. வயசுப் பிள்ளைட்ட அதப்போயி எப்பிடிண்ணே சொல்ல? திருடுனேன்னே நெனச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். பிள்ள கொஞ்ச நாளு பேசாம இருந்தா. பெறகு பேசிட்டா."

முத்துப்பேச்சி பாலோடு திரும்பி வந்தாள். சரவணக்குமார் எழுந்து நின்றான். பஸ்ஸில் நாற்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் அது.

"கண்ணு, அன்னிக்கு உங்கம்மா திருடலீங்க. அந்தத் துணிய நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன்."

முத்துப்பேச்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"அப்பறம் ஏனுங்க அன்னிக்கே சொல்லுல?"

அவன் வாயைத் திறந்தான். காரணம் ஒன்றும் பெரிதில்லை. ஒரு வாக்கியம்தான். அதற்குள் நாகஜோதி மகளின் கையிலிருந்து பாலை வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"விடுட்டீ. அவுகளுக்கு ஆயிரம் சோலி. மறந்துருப்பாக."

மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க கண்ணு" என்றான் அவன். "மறந்துட்டேன்."

காபி குடித்துவிட்டு வந்தான். நல்ல காபி.

9

முடிவுகள்.

ஒன்று: மருந்து வேலை செய்கிறது. நாகஜோதி ஒரு கல்யாண வீட்டில் முழு இலைச் சாப்பாடு சாப்பிடுகிறாள். [இதில் பாதி நடந்திருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டதாகவும், வயிறு அடங்கிவிட்டதாகவும் சின்னத்தாயிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தில் இந்தக் கதையை முடித்துவிடலாமா என்றும் பார்த்தேன். அவள் வயிறு ஆறியதற்கு என்னை நானே பாராட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது.]

இரண்டு: சரவணக்குமார் கம்பெனியில் நஞ்சப்பனிடம் போய் உண்மையைச் சொல்கிறான். நஞ்சப்பன்... [எழுத முடியவில்லை. நஞ்சப்பன் என்ன சொல்வார் என்பது அவரிடம் போனால்தான் தெரியும்.]

மூன்று: முடிவை உங்களிடம் விட்டுவிடுவது. இந்த மாதிரிக் கதைகளுக்கு அது பொருத்தம், மரியாதையும்கூட. 'வாசகரே, அந்த வீட்டில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?' என்று அழகாக எழுதி, கீழே கோடுகூடப் போட்டுவிட்டேன்.

ராத்திரி படுத்தபோது உறைத்தது. கேட்டில் நான் செய்ததும் இதேதான். முடிவை அவளிடம் விட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அவள் எடுத்துக்கொண்டு 'திருடிட்டேன்' என்றாள். அவள் வீட்டிலும் இதேதான். அவளிடம் விட்டேன். அவள் 'மறந்துருப்பாக' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். இப்போது உங்களிடம் விட்டால் மூன்றாவது தடவை.

அதனால் விடவில்லை. முத்துப்பேச்சி கேட்டது என்னைத்தான். எழுதுகிறேன்.

மறக்கவில்லை, கண்ணு. ஒரு நாள்கூட மறந்ததில்லை. அங்கே நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

இதை முடிவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இதை நான் எழுதியது என் வீட்டு மேஜையில், கதவைச் சாத்திக்கொண்டு. நேரில் போய்ச் சொல்லிவிட்டேன் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், கதையும் நன்றாக முடியும். அந்த வரியை நான் எழுதவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவள் வீடு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.